பழகு பூட்டு

சத்தம் வந்துகொண்டிருக்கிற வரைக்கும் படுத்திருக்கலாம். தவமணி அடுக்களை வாசலில், வெறுந்தரையில், கையை மடித்துத் தலைக்குக் கொடுத்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது, காது மூடவில்லை. முன்னறையில் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் பூட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். டிக். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் கம்பி உரசுகிற சத்தம், பல் கூசுகிற மாதிரி. அப்புறம் மறுபடி டிக். இது நல்ல பூட்டு, அதனால்தான் சத்தம் இப்படி விட்டு விட்டு வருகிறது. தேய்ந்த பூட்டென்றால் சளசளவென்று அடித்துக்கொள்ளும், ஒரு குலுக்கலில் திறந்துகொள்ளும். இதைத் திறக்க அவருக்கு நேரமாகும். ஆகட்டும். அதுவரைக்கும் இடுப்பை நீட்டலாம். தொட்டியில் பாத்திரம் கிடக்கிறது, குழம்புச் சட்டியில் ஈ உட்கார்ந்திருக்கும், உட்காரட்டும். கொடியில் துணி காய்ந்து மொடமொடவென்று ஆகியிருக்கும். எழுந்து போய் எடுக்கலாம், ஆனால் மொட்டைமாடிக்குப் போனால் சத்தம் கேட்காது. சத்தம் கேட்காத இடத்துக்கு அவள் போய் எத்தனை நாளாயிற்று. குளிக்கும்போதுகூடக் குழாயைத் திறந்துவிட்டுக் குளிப்பதில்லை, தண்ணீர் வாளியில் விழுகிற சத்தத்தில் அந்தச் சத்தம் அமுங்கிவிடும் என்று முதலிலேயே பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக மொண்டு ஊற்றிக்கொள்கிறாள். பக்கத்து வீட்டு ரெஜினா கேட்டாள், "ஏனக்கா, இப்பெல்லாம் குளிக்கறீங்களா இல்ல தலையில தெளிச்சுக்கறீங்களா?" என்று. சிரிக்கத்தான் செய்தாள் இவளும். டிக். சிரிக்காமல் என்ன செய்ய.

மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்த மனுஷன். மில்லை மூடி வீட்டில் உட்கார்ந்த பிறகு பிடித்த பைத்தியம் இது. செல்போனில் எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன், முகம் தெரியாது, கை மட்டும் தெரியும், சாவியில்லாமல் பூட்டைத் திறந்து திறந்து காட்டுவான். அதைப் பார்த்துப் பார்த்துத் தபாலில் கம்பிகள் வரவழைத்தார், நுனி வளைந்த ஒன்று, தட்டையாக ஒன்று, கிளி மூக்கு மாதிரி ஒன்று. திருட்டுப்பசங்க வேலை என்று தவமணி தலையில் அடித்துக்கொண்டாள். தெருவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று பயந்து பகலிலேயே சன்னலைச் சாத்தினாள். தெரிந்துதான் போயிற்று. "அண்ணன் ராத்திரி டூட்டிக்குப் போறாருங்களாட்ட இருக்குது, எங்க வீட்டுப் பக்கம் வராமப் பாத்துக்குங்கக்கா," என்று இதே ரெஜினா. அவருக்குக் கோபமே வரவில்லை. "இதுல கட்டுப்பாடு இருக்குது புள்ள. அடுத்தவன் பூட்டைக் கேக்காமத் தொடக்கூடாது. மாட்டித் தொங்கற பூட்டை, அது நம்மளுதாவே இருந்தாலும் தொடக்கூடாது. நோண்டற பூட்டு கெட்டுப்போகும். கெட்டுப்போன பூட்டு என்னிக்குக் கைவிடும்னு சொல்ல முடியாது," என்றார். அதற்காகவே பழகுவதற்கென்று தனியாகப் பூட்டுகள் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் துண்டை விரித்து ஒரு பூட்டைக் கழற்றி உள்ளே இருக்கிற பின்களை வரிசையாக வைப்பார், அரிசிக் குருணை மாதிரி இருக்கும். கூப்பிட்டுக் காட்டுவார். பாரு, இது முனை மழுங்கிருச்சு, இது ஓரம் கிழிஞ்சிருச்சு, நான் அன்னிக்கு அவசரத்துல ரொம்பத் தூக்கிட்டேன், ஸ்பிரிங் நசுங்கிருச்சு. பிள்ளைக்கு முழங்கால் சிராய்த்ததைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். பின் வழுக்கிப் போவதற்காகப் பென்சில் கரியைச் சுரண்டி உள்ளே ஊதி, கொஞ்ச நாள் இது இருக்கட்டும், தொடக் கூடாது என்று பரணில் வைப்பார். ஏழாவதோடு படிப்பை விட்டவள் தவமணி, அவளுக்குக்கூட ஒரு பூட்டின் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அத்துப்படி ஆகிவிட்டது. டிக். டிக். இரண்டு சேர்ந்து வந்தது. திறந்துவிடுவாரா. இல்லை, உரசுகிறார். இன்னும் இருக்கிறது.

இப்போது எந்தப் பூட்டுக்கும் ஓய்வு கிடையாது. திறந்ததும் திறந்தது மறந்துவிடும். மறுபடி அமுக்குவார், மறுபடி முதலிலிருந்து. ஞாபகம் போக ஆரம்பித்த புதிதில் டாக்டர் சொன்னார், கைக்கு வேலை குடுங்கம்மா, கை ஓடிட்டே இருந்தா மனசு அலையாது என்று. கை எத்தனை பூட்டைத் தின்னும் என்று டாக்டர் சொல்லவில்லை. முன்பு இறகால் தடவுகிற மாதிரி தடவுவார், இப்போது கம்பியைப் பிடித்துக் குத்துகிறார், நெம்புகிறார். சாவி போகிற வாய் ஓரமெல்லாம் பிசிறு பிசிறாகக் கிளம்பி, சொந்தச் சாவியே உள்ளே போகாமல் நிற்கிறது. வேட்டி மடியில் மஞ்சளாகப் பித்தளைப் பொடி. விரல் நுனியெல்லாம் ஒரு பச்சைக் கறுப்பு. சாப்பிட உட்காருமுன் அந்தக் கையைப் பிடித்துச் சோப்புப் போட்டு, நகக்கண்ணில் தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவிவிடுகிறாள். அப்படியும் கொஞ்சம் சோற்றோடு உள்ளே போகத்தானே செய்யும். பித்தளை வயிற்றுக்குள் போனால் என்னங்க ஆகும் என்று டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் சிரித்தார். சிரித்தால் ஒன்றும் ஆகாது என்று அர்த்தமா, இது வேறு ஒரு கவலையா உனக்கு என்று அர்த்தமா. வெளியே வந்தபிறகு இதைக் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. அடுத்த தடவை கேட்கவேண்டும். அடுத்த தடவை என்றால் ஆட்டோவில் அவரை ஏற்ற வேண்டும், ஏற்றினால் இறங்க மாட்டார், இறங்கினால் ஏற மாட்டார். தேய்ந்த பூட்டு எந்தக் கம்பியை விட்டாலும் திறந்துகொள்கிறது. இவரும் இப்போது யார் வந்து சிரித்தாலும் சிரித்துக்கொண்டு எழுந்து கூடவே போகிறார். முன்பெல்லாம் சொந்த மச்சானிடமே முகம் கொடுத்துப் பேசாத ஆள். சீ, இது என்ன நினைப்பு. பூட்டும் மனுஷனும் ஒன்றா. தவமணி மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். இந்தப் பக்கக் காதில் சத்தம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. மறுபடி பழைய பக்கமே திரும்பினாள்.

இன்றைக்குக் காலையிலேயே ஒரு பூட்டு போயிற்று. கம்பி நுனி உடைந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதற்கு முந்தியதில் ஸ்பிரிங் செத்து, எதை விட்டாலும் சும்மா சுற்றுகிறது. மிச்சம் இருந்த ஒன்றைச் சோறு உண்டபிறகு கையில் கொடுத்தாள். குலுக்கினார், திறந்தது. அமுக்கினார், குலுக்கினார், திறந்தது. கம்பியே தேவைப்படவில்லை. "இது பூட்டே இல்ல," என்று தரையில் போட்டார். அப்புறம் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். அந்தப் பொத்தான்! மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அவர் பொத்தானைப் போடும்போது தவமணி கேட்டைத்தான் பார்ப்பாள். பொத்தான் போட்டால் கிளம்புகிறார் என்று அர்த்தம். எங்கே என்று அவருக்கும் தெரியாது. போன மாதம் கேஸ் சிலிண்டர்காரர் வந்த நேரம், கேட் திறந்து கிடந்த நேரம், அப்படித்தான் கிளம்பி லாரி போகிற பைபாஸில் நடுவில் நின்றார். ஒரு லாரிக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். "உங்க வீட்டுப் பெரியவருங்களா? டிராபிக் போலீஸ்னு நினைச்சு மொதல்ல சலாம் வெச்சுட்டேனுங்க," என்று சிரித்தார் லாரிக்காரர். திருப்பூரிலிருந்து மகள் வான்மதி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் சிரிக்கவில்லை. "அம்மா, இன்னொரு தடவை அப்பா இந்தக் கேட்டைத் தாண்டினா, நான் உங்களைக் கேக்கவே மாட்டேன். முதியோர் ஹோம்ல பேசி வெச்சாச்சு. கார் எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிருவேன். உங்களால முடியலம்மா. உங்க மொகத்தைக் கண்ணாடியில பாத்தீங்களா?" பார்த்தாள். முகம் முகமாகத்தான் இருந்தது. போட்டோவும் காட்டினாள் மகள். சுத்தமான இடம். வரிசையாகக் கட்டில், பச்சைப் போர்வை, சுவரில் டிவி. தவமணி கதவைத்தான் பார்த்தாள். நம்பர் அழுத்துகிற கதவு. சாவி போகிற துவாரமே இல்லை, வழுவழுவென்று இருந்தது. அங்கே இவர் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வார். மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா. விரல்கள் சும்மா இருக்குமா. ஒன்றையொன்று பிடித்துத் திருகிக்கொண்டு. டிக். நல்லவேளை. டிக்.

அதனால்தான் இன்றைக்கு அப்படிச் செய்தாள். அவர் பாத்ரூமில் இருந்தபோது கேட்டுப் பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்தாள். மகள் ஒரே கடையில் ஜோடியாக வாங்கித்தந்த பூட்டுகள், ஒன்று கேட்டுக்கு, ஒன்று அப்பாவுக்கு. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். தேய்ந்ததைக் கேட்டில் மாட்டினாள், நல்லதை அவருடைய தட்டில் வைத்தாள், அதன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு மத்தியானம்தானே. கேட்டில் எது தொங்கினால் என்ன, தொங்குகிற பூட்டை அவர் தொடமாட்டாரே. அது ஒன்றுதான் அவருக்குள் இன்னும் தேயாமல் இருக்கிறது. சில நாள் காலையில் அவள் பேர் வரவில்லை, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, ஆனால் கேட்டுக்குப் போனால் பூட்டைப் பார்த்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது என்றுதான் அவள் ராத்திரியில் தூங்குகிறாள். நல்ல பூட்டைக் கையில் வாங்கியதும் அவர் முகம் எப்படி ஆயிற்று. எடையைப் பார்த்தார். காதோரம் வைத்துக் குலுக்கினார், சத்தமில்லை. உட்கார்ந்துவிட்டார். பொத்தானைக் கழற்றக்கூட இல்லை. சாயங்காலம் மாற்றி மாட்டிவிடலாம். மாட்டும்போது இது எந்தக் கதியில் இருக்கும். ஒரு மத்தியானத்தில் பெரிதாக என்ன தேயும். தேயும். ஆனால் ஒரு மத்தியானம். கண்ணுக்குள் மணல் மாதிரி இருந்தது. மில்லில் சங்கு ஊதுகிற நேரம் இது. மில்லே இல்லை, சங்கு எங்கே. யாரோ கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், வான்மதியா, இல்லை, பூட்டைத்தான் துண்டில் சுற்றித் தோளில் போட்டிருக்கிறார், தட்டிக்கொடுக்கிறார், டிக் டிக் என்று அது விக்குகிறது, அழுத்தித் தட்டாதீங்க, உள்ள நசுங்கிரும் என்கிறாள், அவர் கேட்டுக்கொண்டு மெதுவாகத் தட்டுகிறார், மெதுவாக, இன்னும் மெதுவாக.

விழித்தபோது மின்விசிறி மட்டும் கேட்டது.

தவமணி அசையாமல் படுத்திருந்தாள். இதோ வரும், உரசுகிற சத்தம் வரும். வரவில்லை. கையை ஊன்றி எழுந்தாள், ஒரு கால் மரத்திருந்தது, அதை இழுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். தட்டில் கம்பிகள் கிடந்தன. பூட்டு இல்லை. வாசல் கதவு திறந்திருந்தது. கம்பி கேட்டுக்கு அந்தப் பக்கம், தெருவில், வெயிலில் அவர் நின்றுகொண்டிருந்தார். கேட்டில் நல்ல பூட்டு மாட்டியிருந்தது. அதை இழுத்துப் பார்த்தார், இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். தேய்ந்த பூட்டு அவர் சட்டைப் பையைக் கீழே இழுத்துக்கொண்டு தொங்கியது. அவளைப் பார்த்ததும், பக்கத்து வீட்டாரிடம் சொல்கிற மாதிரி சொன்னார்: "பழகற பூட்டைக் கொண்டாந்து எவனோ கேட்டுல மாட்டியிருக்கறானுங்க. தொட்டா கையோட வருது. உள்ள ஒரு பொம்பளை ஆளு தனியாத் தூங்குது. நல்லதா ஒண்ணு மாட்டிட்டேன். இனிப் பயமில்லை."

பழகுகிற பூட்டு. ஐயோ, அது நோண்டுவதற்கென்றே வைத்த பூட்டு. அதை அவர் தொடலாம். பார்த்ததும் அவருக்குத் தெரிந்திருக்கிறது, எத்தனை மாதம் கையில் கிடந்தது, தெரியாமல் இருக்குமா. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி என்று நினைத்தது அவள் கண். அவர் விரலுக்கு அது வேறே பூட்டு. தொங்குகிற பூட்டைத் தொடமாட்டார் என்பதை மட்டும் நினைத்தாளே தவிர, பழகுகிற பூட்டு எங்கே தொங்கினாலும் பழகுகிற பூட்டுதான் என்று அவர் நினைப்பார் என்று அவளுக்கு ஏன் உறைக்கவில்லை. அவர் திரும்பி நடக்க ஆரம்பித்தார். செருப்பில்லாத கால். தவமணி கேட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்த வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் கத்துவதற்கு முன்னால் ஒன்று வந்தது, ஒரு மூச்சு, அப்பாடா என்று ஒரு மூச்சு, வீடு முதுகுக்குப் பின்னால் அமைதியாக இருந்தது, அவர் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம், நடுவில் நல்ல பூட்டு. துணியை எடுக்கலாம். குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்கலாம். அந்த மூச்சு உள்ளே இருந்து வந்ததா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்கிற மாதிரி சுற்றிப் பார்த்தாள். அப்புறம்தான் இடுப்பில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். கம்பிக்கு வெளியே கையை நீட்டிச் சாவியை விட்டாள். பாதி போயிற்று, நின்றது. அழுத்தினாள். போகவில்லை. மத்தியானம் முழுக்கக் குத்திய குத்தில் வாய் பிசிறியிருந்தது. இன்னும் அழுத்தினால் சாவி உடையும். அவர் ரெஜினா வீட்டைத் தாண்டிவிட்டார். ரெஜினா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தெருமுனையில் வண்டிகள் போகிற சத்தம்.

"ஏனுங்க! ஏனுங்கோ!" திரும்பவில்லை. பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தாள், கல்யாணமான நாளிலிருந்து வாயில் வராத பேர். அதற்கும் திரும்பவில்லை. "பூட்டு தொறக்க மாட்டீங்குது!" என்று கத்தினாள்.

அவர் நின்றார். நின்று, திரும்பி வந்தார், கொஞ்சம் வேகமாகவே வந்தார்.

"சாவி இருக்குதில்லீங்க?"

"இருக்குது, போக மாட்டீங்குது."

"அழுத்தாதீங்க. அழுத்துனா உள்ள பின் மடங்கிக்கும், அப்புறம் அறுக்கத்தான் வேணும். மெதுவா வெளிய எடுங்க. அவ்வளவுதான்." குனிந்து பூட்டின் வாயைப் பார்த்தார். "எவனோ நல்லாக் குதறியிருக்கறான்."

"கம்பி கொண்டாறேன். நீங்க தொறந்து குடுங்க."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மாட்டியிருக்கற பூட்டைத் தொடறதில்லீங்க. அடுத்தவங்க பூட்டு. வீட்டுக்காரரு வந்து சொல்லட்டும்."

 அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, மரியாதையாக, பதிலுக்குக் காத்திருந்தார்.

"அவரு இல்லீங்க," என்றாள்.

"எப்ப வருவாரு?"

"தெரியலீங்க. சில சமயம் வருவாரு. நான்தான் சொல்றேன், இது என்ற வீடு, என்ற பூட்டு. தொறங்க."

அவர் யோசித்தார். சரிதான் என்று பட்டிருக்க வேண்டும், தலையை ஆட்டினார். தவமணி ஓடிப்போய்க் கம்பிகளை எடுத்துவந்து கேட்டு வழியாகக் கொடுத்தாள். அவர் வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூட்டைக் கையில் ஏந்தினார். உள்ளே போன் அடித்தது. அது மகள்தான், இந்த நேரத்துக்கு அவள்தான். அடித்து ஓய்ந்தது. அவர் குத்தவில்லை, நெம்பவில்லை. அடுத்தவர் பூட்டு என்பதால் பழையபடி தடவித் தடவிப் போனார், தவமணி அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். திறந்தது. பூட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, "இது இனிக் கேட்டுக்கு ஆகாதுங்க. வேற மாத்திருங்க," என்றார். கம்பிகளைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். கிளம்பப் பார்த்தார்.

"உள்ள வாங்க. காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போலாம்."

"எதுக்குங்க சிரமம்," என்றார். ஆனாலும் வந்தார். காலை மிதியடியில் நன்றாகத் துடைத்துவிட்டு, சோபாவின் விளிம்பில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார். போன் மறுபடி அடித்தது.

"ஏம்மா எடுக்க இவ்வளவு நேரம்?" என்றாள் வான்மதி. "அப்பா என்ன பண்றாரு?"

தினமும் சொல்கிற பதில் நாக்கில் தயாராக இருந்தது. பூட்டோட உக்காந்திருக்காரு. இன்றைக்கும் அது பொய்யில்லை. தவமணி அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் நாளைக்கும் சொல்ல வேண்டும்.

"கேட்டைத் தாண்டிட்டாரு கண்ணு."

"என்னம்மா சொல்றீங்க? எப்ப? இப்ப எங்க?"

"உள்ளதான். காப்பிக்கு உக்காந்திருக்காரு. என்ற தப்புத்தான், கேட்டுல கெட்ட பூட்டை மாட்டிட்டேன்."

"அம்மா, நான் அன்னிக்கே சொன்னேனில்ல..."

"சொன்னே. மறக்கல. நீ வா, பேசலாம். நீ சொல்றதையும் பேசலாம். எனக்குத் தெம்பில்ல கண்ணு, நீ வந்து ரெண்டு நாளு இரு. வரும்போது பூட்டு வாங்கிட்டு வா, கேட்டுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு. ஒரே மாதிரி வாங்கிப்போடாத."

காப்பியை ஆற்றிக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். கேட்டில் மாட்ட உருப்படியாக ஒரு பூட்டும் இல்லை. துணி கட்டிவைக்கலாமா என்று பார்த்தாள், அவிழ்க்க எவ்வளவு நேரமாகும். நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய்க் கேட்டுக்குக் குறுக்கே போட்டு, கம்பியில் முதுகைச் சாய்த்து, வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கம்பி வெயிலில் சுட்டது. கண் தானாகச் சொருகியது, பிடித்து நிறுத்தினாள். அவர் எழுந்து வாசல் நிலை வரைக்கும் வந்து நின்று அவளைப் பார்த்தார்.

"நீங்க போய்ப் படுங்கம்மா," என்றார். "உங்க வீட்டுக்காரரு வர்ற வரைக்கும் நான் இருக்கறேன்."

தவமணி நாற்காலியை விட்டு எழவில்லை. "இருங்க," என்றாள்.